சூப்பில் மறைத்த காளான்

தில்லியில் ஜனவரி மாதக் கல்யாணத்துக்குப் போனால், பந்தலுக்குள் நுழைந்ததும் முதலில் கையில் திணிக்கப்படுவது ஒரு கோப்பை சூப்தான். பனியில் விறைத்துப்போன விரல்களுக்கு அந்தச் சூடே பெரிய உபசாரம். தக்காளி ஒரு அண்டாவில், 'க்ரீம் ஆஃப் மஷ்ரூம்' இன்னொரு அண்டாவில். இரண்டாவதற்குத்தான் வரிசை நீளம். பெயரில் கிரீம் இருக்கிறதே!

சென்ற குளிர்காலத்தில் அப்படி ஒரு கோப்பையை வாங்கிக் கரண்டியை விட்டேன். கரண்டி நின்றது. வாயில் வைத்தால், தேர்தல் நேரத்தில் சுவரொட்டி ஒட்டக் காய்ச்சுவார்களே, அந்தப் பசையின் ஞாபகம். அடியில் துழாவியதில் காளான் துண்டுகள் நான்கு அகப்பட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே நான்கு துண்டுக் காளானை அரை அண்டா மைதாவில் மறைத்திருந்தார்கள்.

பாக்கெட் சூப்பும் இதற்கு அண்ணன் தம்பிதான். கடையில் வாங்குமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். எடையில் அதிகமானதை முதலிலும் குறைவானதைக் கடைசியிலுமாக எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பெரும்பாலான பாக்கெட்டுகளில் மாவும் ஸ்டார்ச்சும் சர்க்கரையும் உப்பும் முன்னால் நிற்கும். முன்பக்கப் படத்தில் மலைபோல் குவிந்திருக்கும் காளான், பின்பக்கப் பட்டியலில் எங்கோ கூட்டத்தின் கடைசியில் எட்டிப் பார்க்கும்.

ஊரைச் சொல்கிறேனே தவிர, காளானை மறைத்த குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சூப்பைக் கவனிப்போம்.

நான் இந்த சூப்பைக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் என் மாமனார். கும்பகோணம் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மாமியார் போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று தில்லிக்கு அழைத்து வந்தோம். வந்த வருடமே பற்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சப்பாத்தி ஆகாது. ரசம் சாதமும் நான்கு வாய்க்கு மேல் இறங்காது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று புதிதாக ஒரு பெல்ட் வாங்கிக்கொண்டார். "மெல்ல வேண்டாத மாதிரி, கொஞ்சம் தெம்பு தருவதாக ஏதாவது கொடுங்கள்" என்றார் டாக்டர்.

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காளானை நறுக்கி, வெங்காயத்தோடு சேர்த்து வதக்கி, தண்ணீர் விட்டதும் அப்படியே பாலை ஊற்றிக் கொதிக்கவைத்து மிக்சியில் அடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு குழம்பு வந்தது. என் மகள் எட்டிப் பார்த்து, "மாடியில சிமெண்ட் பூசறாங்களா அம்மா?" என்றாள். இரண்டாவது தடவை நிறம் வரவேண்டுமே என்று மைதாவைத் தாராளமாகப் போட்டேன். கல்யாணப் பந்தல் பசை வீட்டுக்கே வந்துவிட்டது.

எங்கே தவறு? காளானை ஒரு காய்கறியாக நினைத்ததில்தான். கடையில் கிடைக்கும் வெள்ளை மொட்டுக் காளானில் 100 கிராமுக்கு 90 கிராமுக்கு மேல் வெறும் தண்ணீர். இரண்டு பாக்கெட் காளான் வாங்குகிறோம் என்றால் ஒரு பெரிய டம்ளர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் வெளியே வந்து ஆவியாகிப் போனால்தான் காளானுக்கென்று ஒரு ருசி மிஞ்சும். தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காளான் வேகுமே தவிர சிவக்காது. வற்றிய பிறகு சூடு ஏறுகிறது. பிரெட் டோஸ்ட்டிலும் நெய் ரோஸ்ட்டிலும் வரும் அந்தப் பழுப்பு நிறமும் மணமும் அப்போதுதான் வரும். 1912-ல் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கிய ரசாயன மாற்றம் இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. காய்கறி அதிகம் வெந்தால் குழைந்துவிடும். காளானுக்கு அந்தப் பயம் இல்லை. அதன் உடலைக் கட்டி நிறுத்துவது 'கைட்டின்' என்ற பொருள். சூட்டுக்கு அது லேசில் இளகாது. ஆகவே கால் மணி நேரம் வதக்கினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். தைரியமாக வதக்கலாம்.

காளான் வாங்குவதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. இந்த மொட்டுக் காளானின் பூர்வீகம் பாரிஸ். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே தோட்டங்களில் பயிரிடத் தொடங்கி, பிறகு நகரத்துக்கு அடியில் இருந்த பழைய கல் சுரங்கங்களுக்குள் கொண்டு போனார்கள். இருட்டும் ஒரே சீரான குளிர்ச்சியும் அதற்குப் பிடிக்கும். நம் நாட்டில் 1961-ல் இமாசலப் பிரதேசத்தின் சோலனில் பயிர் தொடங்கியது. 1983-ல் காளானுக்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி மையம் அங்கே வந்தது. 1997-ல் சோலனுக்கு 'இந்தியாவின் காளான் நகரம்' என்ற பட்டமும் கிடைத்தது. இப்போது மலைக்கு ஏற வேண்டியதில்லை. தில்லிக்குப் பக்கத்தில் அரியானாவின் சோனிபட் பகுதியில், குளிர்காலம் வந்ததும் வயல் ஓரங்களில் மூங்கிலும் வைக்கோலும் வேய்ந்த நீளக் கொட்டகைகள் எழும்பும். உள்ளே தட்டுத் தட்டாகக் காளான். அதனால்தான் ஜனவரி, பிப்ரவரியில் தில்லித் தெருமுனைகளில் 200 கிராம் பாக்கெட்டுகள் குவிகின்றன, விலையும் இறங்குகிறது. சமீப ஆண்டுகளில் பீகார் உற்பத்தியில் முன்னுக்கு வந்திருக்கிறது. அங்கே வீட்டின் ஓர் அறையிலேயே காளான் வளர்த்துப் பிழைக்கும் பெண்கள் ஏராளம்.

பாக்கெட்டைப் பார்க்கும்போது பால்போல் வெளுத்திருப்பதைத்தான் கை தேடும். தேடாதீர்கள். பறித்த காளான் சில மணி நேரத்தில் லேசாகப் பழுப்பேறுவது இயல்பு. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதைப் போலத்தான். வாடிக்கையாளருக்கு வெள்ளைதான் பிடிக்கிறது என்பதால் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் கழுவி வெளுக்கவைக்கும் வழக்கம் இங்கே உண்டு. ஆகவே பளீர் வெள்ளை புதுமைக்கு அடையாளம் அல்ல. குடை காம்போடு மூடியிருக்க வேண்டும். தொட்டால் கெட்டியாக, வழவழப்பின்றி இருக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் நீர் கோத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

கழுவக் கூடாது, துடைக்கத்தான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வெளுக்கும் மருந்தும் மண்ணும் ஒட்டியிருக்கும் ஊரில் அது நடக்காது. முழுதாக இருக்கும்போதே குழாயடியில் மளமளவென்று இரண்டு முறை அலசி, உடனே துணியில் ஒற்றுங்கள். நறுக்கிய பின் கழுவுவதும், தண்ணீரில் ஊறப்போடுவதும்தான் கூடாது.

இனி சமையல். நான்கு பேருக்கான அளவு இது.

மொட்டுக் காளான் 400 கிராம் (2 பாக்கெட்), நடுத்தர வெங்காயம் 1, பூண்டு 4 பல், வெண்ணெய் 2 மேசைக் கரண்டி, மைதா ஒரே ஒரு மேசைக் கரண்டி, அதுவும் தலைதட்டி. தண்ணீர் 3 டம்ளர், பால் 1 டம்ளர், ஃப்ரெஷ் கிரீம் கால் டம்ளர், பிரிஞ்சி இலை 1, உப்பு, அப்போது பொடித்த மிளகு.

காம்பின் நுனியை மட்டும் சீவி எறியுங்கள். காம்பைப் பிடுங்கித் தனியாக வையுங்கள். அது குப்பை அல்ல. காம்புகளில் பாதியையும், ஒரு சிறு துண்டு காரட்டையும், கொத்தமல்லித் தண்டையும், பிரிஞ்சி இலையையும் மூன்று டம்ளர் தண்ணீரில் போட்டு, சின்னத் தீயில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இந்தத் தண்ணீர்தான் சூப்புக்கு அடித்தளம். நம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி. கடையில் விற்கும் சூப் கட்டிகளுக்கு அவசியமே இல்லை. நாக்குக்குப் பிடித்த 'உமாமி' சுவைக்குக் காரணமான குளுட்டமேட் காளானிலேயே நிறைய இருக்கிறது. 1908-ல் இகேடா என்ற ஜப்பானியப் பேராசிரியர் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டிய அதே பொருள்தான்.

குடைகளையும் மிச்சக் காம்புகளையும் நறுக்குங்கள். துண்டு மிக மெல்லியதாக வேண்டாம். வீட்டில் இருப்பதிலேயே அகலமான வாணலியை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய், வெண்ணெய் எதுவும் இல்லாமல் காளானைப் போடுங்கள். ஆச்சரியப்பட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் சளசளவென்று நீர் விடும். தீயைக் குறைக்காமல் அது வற்றும்வரை விடுங்கள். வாணலி சிறியதென்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். கும்பலாகப் போட்டால் தன் நீரிலேயே அவிந்துபோகும். சத்தம் மாறுவதைக் கேளுங்கள். சளசளப்பு அடங்கிச் சடசடப்பு தொடங்கும்போது ஒரு கரண்டி வெண்ணெய் சேருங்கள். இனி ஐந்தாறு நிமிடம் கிளறினால் ஓரங்கள் பொன்னிறமாகும், சமையலறை மணக்கும். வாணலி நிறைய இருந்தது பாதிக்கும் கீழே போயிருக்கும். மனம் தளராதீர்கள். போனது தண்ணீர்தான். இதில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

தீயைத் தணித்து, மீதி வெண்ணெயும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் சேர்த்துக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி, நசுக்கிய பூண்டைப் போடுங்கள். மைதாவைத் தூவிப் பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் புரட்டுங்கள். பிறகு ஆறவைத்த காம்புத் தண்ணீரை முதலில் ஒரு கரண்டி, கரைந்ததும் இன்னொரு கரண்டி என்று சேர்த்தால் கட்டி தட்டாது. அதன் பின் மீதி முழுவதையும், பாலையும் ஊற்றிப் பத்து நிமிடம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடுங்கள்; ருசியெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. உப்பு இப்போதுதான்.

ஆறிய பிறகு பாதியை மட்டும் மிக்சியில் மைய அரையுங்கள். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றினால் ஆவி மூடியைத் தூக்கி எறிந்து கையைப் பொசுக்கும். என் மணிக்கட்டில் அதன் தழும்பு இருக்கிறது. அரைத்ததை மறுபடி ஊற்றிச் சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகே கிரீமைச் சேருங்கள். இங்கே டப்பாக்களில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவதும் வேண்டாம். மேலே மிளகும், எடுத்து வைத்த பொன்னிறத் துண்டுகளும்.

நிறம் வெள்ளையாக வராது. பால் கலந்த காப்பியின் வெளிர் பழுப்பு வரும். வரவேண்டியதும் அதுதான். குழகுழவென்ற அந்தப் பதம் பெரும்பாலும் அரைத்த காளானால் வருவது. மைதா பேருக்குத்தான். அதையும் வேண்டாம் என்பவர்கள் வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு ஒன்றைச் சேர்த்து அரைக்கலாம்.

தமிழ்நாட்டு வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கடைகளில் கிடைக்கும் பால் காளான் வெயிலூருக்கு ஏற்ற இனம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்டது. சூப்புக்கு நன்றாகவே இருக்கும். நார் சற்று அதிகம் என்பதால் சிறிதாக நறுக்கி, இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக வதக்க வேண்டும்.

மூன்றாவது முயற்சியில் எனக்கு இந்த சூப் வந்தது. இனித்தான் என் குற்றம்.

மாமனார் காளான் சாப்பிட மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் அதை உள்ளே விட்டதே இல்லை. எருவில் முளைப்பது, மரக்கறியோடு சேராதது என்பார்கள். ஆனால் மனிதர் தேய்ந்துகொண்டே போகிறாரே! துண்டுகளை விட்டுவிட்டு, முழுவதையும் மைய அரைத்து, வடிகட்டி ஒரு கோப்பையில் கொடுத்தேன். "என்னம்மா இது?" என்றார். "பால் சூப் அப்பா" என்றேன். ருசித்துப் பார்த்தார். "நன்னா இருக்கே" என்று இன்னும் அரைக் கோப்பை கேட்டார். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினைந்து நாள் நடந்தது இந்த நாடகம். ஒரு மாலை என் மகள் அவருக்குப் பக்கத்தில் தன் கோப்பையோடு உட்கார்ந்து, "தாத்தா, உனக்கு ஏன் மஷ்ரூம் பீஸே போடல?" என்று கேட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு நாள் தயிர் சாதத்தைத் தானே பிசைந்துகொண்டார்.

மூன்றாம் நாள் நான் அழுதபோதுதான் வாய் திறந்தார். "காளான் உள்ளே போனது இல்லம்மா விஷயம். சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேன். அதைச் சொல்றதுக்கு எனக்கு இடம் கொடுக்கலையே நீ."

எனக்குப் பதில் இல்லை. அவர் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மைதாவில் மறைத்த பந்தல்காரரும் வியாபாரத்தின் நல்லதுக்குத்தானே செய்தார்!

யோசித்துப் பார்த்தால் அவர் தயக்கத்தை வெறும் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. எருவில் முளைப்பது உண்மைதான். கோதுமை வைக்கோலும் கோழி எருவும் ஜிப்சமும் சேர்த்து மக்கவைத்து, நீராவியில் பதப்படுத்திய உரத்தில்தான் மொட்டுக் காளான் வளர்கிறது. மரக்கறியோடு சேராதது என்பதும் உண்மைதான். 1969-ல் விட்டேக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி உயிரினங்களை ஐந்து ராஜ்யங்களாகப் பிரித்தபோது, பூஞ்சைகளைத் தாவரத்தோடும் சேர்க்கவில்லை, விலங்கோடும் சேர்க்கவில்லை. தனி ராஜ்யம் கொடுத்தார். முன்னால் சொன்ன கைட்டின், இறால், நண்டு ஓடுகளில் இருப்பதும்கூட. பயமும் பொய்யல்ல. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். சில காளான்களின் விஷம் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. பயிரிட்ட காளானுக்கு அந்த ஆபத்து இல்லை. மழைக்குப் பின் தோட்டத்தில் முளைத்ததைப் பறித்து சூப் வைக்கும் விளையாட்டு மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். "காளான் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. ஆம்பின்னு பேர். புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் போய்த் தன் வறுமையைச் சொல்றார். நாள்கணக்கா எரியாத அடுப்பில் ஆம்பி பூத்துக் கிடக்காம். அடுப்புல காளான் இருந்தா அந்த வீட்டில் சாப்பாடு இல்லைன்னு அர்த்தம். உன் அடுப்பிலேயும் காளான் இருக்கு. ஆனா எனக்குத்தான் சாப்பாடு இல்லை" என்று சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அன்று மாலையே காலிஃபிளவர் வாங்கினேன். சின்னப் பூவில் பாதி, சுமார் 300 கிராம். பூக்களைப் பிரித்து வெந்நீரில் உப்புப் போட்டு அலசி, நான்கைந்தை மட்டும் வெண்ணெயில் சிவக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, மீதியை ஒன்றரை டம்ளர் தண்ணீரும் ஒரு டம்ளர் பாலுமாகக் குழைய வேகவைத்து அரைத்தேன். மைதாவே வேண்டியிருக்கவில்லை. கிரீம், மிளகு, வறுத்த பூ. எல்லாவற்றையும் அவர் பார்க்கவே, சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் செய்தேன். ஒன்றரைக் கோப்பை சாப்பிட்டார். காளான் ஆகாத வீடுகளுக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்கிறேன்.

இப்போது குளிர்காலத்தில் எங்கள் அடுப்பில் இரண்டு பாத்திரம். பால்கனி வெயிலில் காளானைக் குடை தலைகீழாகப் பரப்பி வைப்பதுகூட அவர்தான். வெயில் பட்டால் காளானில் வைட்டமின் டி உண்டாகும் என்று எங்கோ படித்ததிலிருந்து அந்த வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். படித்தது சரிதான். பேத்திக்கு நல்லது என்கிறார்.

ஆனால் கோப்பையை நீட்டினால் உடனே வாங்குவதில்லை. "இதுல என்னம்மா போட்டிருக்கே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கோபமில்லை, வழக்கமாகிவிட்டது. காலிஃபிளவர், பால், வெண்ணெய், உப்பு, மிளகு என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். கேட்டு முடித்த பிறகுதான் கை நீளுகிறது.